மருந்து போடாத தண்ணீர்

ஏப்ரல் 18, 2024 – வியாழன்

நாளை ஓட்டுப்பதிவு. பள்ளிக்கூடத்துத் தொட்டியை நிரப்பி வைக்கச் சொல்லி ஊராட்சிக் கிளார்க் காலையிலேயே போன் செய்துவிட்டார். கூட்டுக்குடிநீர் குறைவாகத்தான் வந்தது. போர்வெல் மோட்டாரையும் ஓடவிட்ட பிறகே மேல்நிலைத் தொட்டி நிரம்பியது. வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றிவிட்டு இறங்கினேன். மேலேயிருந்து பார்த்தால் கல்லுப்பட்டி ரோடு வரைக்கும் வெயில்.

ரோகிணிக்கு இன்றும் வாந்தி. நாலாம் மாதம் நின்றுவிடும் என்று அவள் அம்மா சொன்னார். நிற்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்துத் தங்கிய கரு. அவள் எழுந்து நடந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 5 – ஞாயிறு

தண்ணீரை வாயில் வைத்ததும் துப்பிவிட்டாள்.

“மருந்து நாத்தம் மச்சான். குடத்துல ஊத்தி ஆறவச்சாலும் போக மாட்டேங்குது. குளிச்சா மேலெல்லாம் அதே நாத்தம். நீங்க கிட்ட வந்தாக்கூட...” முடிக்காமல் சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

எலும்பும் தோலுமாகிவிட்டாள். நர்ஸம்மா குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, “இப்பிடியே போனா பிள்ளைக்கு எடை எங்கிட்டிருந்து வரும்?” என்று என்னைத்தான் திட்டினார்.

அவளுக்கு மட்டுமா இந்தக் குறை? டீக்கடையில் தினமும் இதே பேச்சு: டீயில் மருந்தடிக்கிறது, சோறு மருந்தடிக்கிறது. இன்று பவுடரைப் பாதியாகக் குறைத்தேன். பாதிதானே.

மே 19 – ஞாயிறு

பவுடர் போடவில்லை. ரோகிணி தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மே 26 – ஞாயிறு

ஊராட்சித் தலைவர் ஜெயபாண்டி அண்ணன் டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: “இப்பத்தான்டா அழகுபாண்டி, தண்ணி தண்ணி மாதிரி இருக்கு.” என் டீக்கும் அவரே காசு கொடுத்தார். நானும் இளித்துக்கொண்டு நின்றேன்.

பவுடர் மூட்டை மோட்டார் ரூமில் கட்டு அவிழ்க்காமல் கிடக்கிறது. கூட்டுக்குடிநீரை அங்கேயே சுத்தம் செய்துதானே அனுப்புகிறார்கள்? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே? இதையெல்லாம் நான் யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

ஜூன் 9 – ஞாயிறு

கோடை மழை. நடுத்தெருவில் வாய்க்கால் தோண்டிய ஜேசிபி குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டது. குழி நிறையச் சாக்கடைத் தண்ணீர். நானும் முத்திருளனும் உள்ளே இறங்கி, கையால் இறைத்து, குழாயை ஒட்டி மூடினோம். அவன் பிளம்பர் வேலைக்குப் போகிறவன். “பவுடரத் தூக்கலாப் போட்டு லைன ஒருக்காக் கழுவி விட்ருவமாண்ணே?” என்று கேட்டான். செய்யணும்டா என்றேன்.

வீட்டில் ரோகிணி மாங்காய் நறுக்கி உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருக்கிறது. என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். அசைவு தெரிந்தது. மீன் திரும்புகிற மாதிரி.

நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஜூன் 14 – வெள்ளி

இன்னும் போடவில்லை.

ஜூலை 12 – வெள்ளி

நடுத்தெருவில் மஞ்சள்காமாலை. ஒரு வீட்டில் ஆரம்பித்தது, இப்போது தெரு முழுக்க. காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள். மூட்டையை அவிழ்த்து அள்ளி அள்ளிப் போட்டேன். தெருவெல்லாம் மருந்து வாடை. ரோகிணி மூக்கைச் சுளித்தாள்.

அவளுக்குக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். காய்ச்சினால் போதும். போதும்தானே?

ஜூலை 20 – சனி

அத்தை சின்னத்தாய் உசிலம்பட்டியிலிருந்து கீழாநெல்லியோடு வந்துவிட்டார். மகளின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “வெயிலுக்கு மஞ்சளாத் தெரியுது, வேற ஒண்ணுமில்ல” என்றார். நானும் பார்த்தேன். வெயில் இல்லை.

ஜூலை 23 – செவ்வாய்

மதுரை, பெரிய ஆஸ்பத்திரி. ரோகிணி ஆள் மாறிப் பேசுகிறாள். என்னைத் தெரியவில்லை.

டாக்டரம்மா வெளியே அழைத்துச் சொன்னார். “இது தண்ணியால வர்ற காமாலை. மத்தவங்களுக்கு வந்துட்டுப் போயிரும். மாசமா இருக்கிறவங்களுக்கு வந்தா உயிருக்கே ஆபத்து. என்ன தண்ணி குடிக்கிறீங்க?”

மாமா முந்திக்கொண்டார். “எங்க மாப்ளதாம்மா ஊருக்கே தண்ணி விடுறாரு. மருந்து போட்டுத்தான் விடுவாரு.” அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு பெருமை.

நான் தலையாட்டினேன். ஆமான்னு தலையாட்டுனேனே, பாவி.

ஜூலை 26 – வெள்ளி

பெண் குழந்தை. அழவில்லை. ரோகிணிக்கு நினைவில்லை.

ஜூலை 27 – சனி

ஊருக்குக் கொண்டுபோனோம். மாமா குழி வெட்டினார். நான் இறக்கி வைத்தேன். உடனே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டேன். இவளையாவது விட்டுவிடு சாமி.

ஆகஸ்ட் 4 – ஞாயிறு

ரோகிணி பிழைத்துவிட்டாள். கண் விழித்ததும் கை வயிற்றுக்குத்தான் போனதாம். பிள்ளை இல்லை என்று அத்தைதான் அவளிடம் சொல்லியிருக்கிறார். நான் உள்ளே போகாமல் வராண்டாவிலேயே நின்றேன்.

போன வாரம் துணி எடுக்க ஊருக்குப் போனபோது, சுகாதாரத்துறையிலிருந்து வசுந்தரா மேடம் வந்து ஒவ்வொரு குழாயாகச் சோதித்துக்கொண்டிருந்தார். மருந்து கலந்த தண்ணீரில் அவர் கொண்டுவந்த சோதனைத் திரவம் ஒரு சொட்டு விழுந்தால் மஞ்சளாகும். மஞ்சளானது. “இப்ப சரியா இருக்கு. ஜூன் மாசம் எப்படிங்க போட்டீங்க?” என்று கேட்டார். கிளார்க் முன்பே என் காதில் ஓதியிருந்தார்: “பவுடர் வரலைன்னு சொல்லிரு, பிரச்சினை முடிஞ்சிரும்.” அப்படியே சொன்னேன். மேடம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11 – ஞாயிறு

அத்தை கஞ்சி வாங்கப் போன நேரத்தில் ரோகிணியிடம் சொல்லிவிட்டேன். மே மாதத்திலிருந்து போடாதது, குழாய் உடைந்தது, அப்புறமும் போடாதது, எல்லாம்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கால் பக்கம் நின்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களையே பார்த்தார்கள்.

கடைசியில் திரும்பாமலே பேசினாள். “எனக்காகத்தான் பண்ணீங்கன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க. அத என்னால தாங்க முடியாது.”

சரி என்றேன்.

ஆகஸ்ட் 15 – வியாழன்

கிராம சபை. மிட்டாய் கொடுத்து முடித்ததும் காமாலை பற்றிப் பேச்சு வந்தது. தலைவர், பவுடர் சப்ளை சரியில்லை என்று ஆரம்பித்தார். நான் எழுந்தேன்.

“பவுடர் இருந்துச்சு. நான்தான் போடல.”

மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. நடுத்தெரு பாண்டிச்செல்வி அக்கா எழுந்து வந்தார். அவர் மகன் இன்னும் படுத்த படுக்கை. “ஏன்டா? ஏன் போடல? சொல்லு!” சட்டையைப் பிடித்து உலுக்கினார். டீயில் மருந்தடிக்கிறது, சோறு மருந்தடிக்கிறது என்று சொன்னவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொன்னால் அடுத்து ரோகிணி பேர் வரும்.

வாயைத் திறக்கவில்லை.

“மூட்டையோட வித்துத் தின்னுருப்பான்” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ரோகிணிக்குத் துணி எடுக்க ஊருக்கு வந்திருந்த மாமா கருத்தக்கண்ணன் கடைசி வரிசையில் நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

செப்டம்பர் 8 – ஞாயிறு

வேலை போய்விட்டது. முத்திருளன் தண்ணீர் விடுகிறான், நன்றாகச் செய்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்தே ரோகிணியை உசிலம்பட்டிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். போன் செய்தால் அத்தை எடுத்து, “தூங்குது” என்று வைத்துவிடுகிறார்.

டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. நாளை மதுரை சிம்மக்கல்லுக்குப் போகிறேன். பருப்பு மண்டியில் மூட்டை இறக்க ஆள் கேட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 31 – வியாழன்

தீபாவளி. மண்டி லீவு. வைகைப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் 10 – ஞாயிறு

மதியம் மண்டி வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். ஆட்டோக்கள் ஹாரன் அடிக்க அடிக்க நகராமல் நடு வழியில் நின்றார். மூட்டையை இறக்கிவிட்டு ஓடினேன்.

“ரோகிணி எல்லாத்தையும் சொல்லிருச்சு. தான்தான் நாத்தம் நாத்தம்னு அழுதேன்னு” என்றார். “ஊரே காறித் துப்புனப்பவும் வாயத் தெறக்கலையே மாப்ள நீங்க.”

கையில் ஒட்டியிருந்த பருப்புத் தூசியைத் தட்டினேன்.

“அதுக்காக நீங்க பண்ணது சரின்னு ஆயிராது. பேத்திக்குக் குழி வெட்டுனவன் நான்...” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வாங்க. அது கூப்பிடுது.”

உசிலம்பட்டி பஸ் ஏறினோம். டிக்கெட்டை அவரே எடுத்தார்.

ரோகிணி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பாதியாகிவிட்டாள். அத்தை எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனார். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். காம்புகள் ஒருபக்கம், இலை ஒருபக்கமாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. அப்புறம் அவள் கை நின்றது.

“அம்மாகிட்டக் கேட்டா பேச்ச மாத்துது. அப்பா அழுகுது. நீங்கதான கையில வாங்குனீங்க? நான் ஒரு தடவகூடப் பாக்கல மச்சான். எப்பிடி இருந்தா?”

சொன்னேன். தலை நிறைய முடி. ஈரமாக நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. காது அவளுடையதைப் போலச் சின்னது. மூக்கு மட்டும் எங்கள் வீட்டு மூக்கு. கை மூடியிருந்தது, விரித்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. கனமே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன்.