நாத்தனாரும் நானும் பேட்டரி சைக்கிளும்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் நான்தான் கடைசி.

தண்ணீர்த் தொட்டி மேட்டின் உச்சியில் ஐந்து பேரும் இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். கையில் பாட்டில், மூடி திறக்காமல். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேடேறினால் கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. கடைசி ஆள் வந்து முதல் மடக்கு குடித்த பிறகுதான் மற்றவர்கள். முன்பெல்லாம் அந்தக் கடைசி ஆள் வக்கீல். "தொண்டை காயுது வக்கீல் சார், சீக்கிரம் வாங்க!" என்று மேலே நின்று கத்துவதே நான்தான்.

இப்போது என்னைப் பார்த்து யாரும் கத்துவதில்லை. "மெதுவா வாங்க அண்ணி, ஒண்ணும் அவசரமில்ல" என்கிறார்கள். நாத்தனார் அண்ணி என்று கூப்பிடப்போய் கூட்டத்துக்கே நான் அண்ணி. வெயிலில் உதடு காய நின்றுகொண்டு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டினால் தேவலை.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நானும் நாத்தனாரும்தான் முதலில் ஏறுவோம். அவள் ரிட்டயரான பி.டி. டீச்சர், என்னைவிட ஏழு வயது சின்னவள். இன்றும் நினைத்தால் ஒரே மூச்சில் ஏறிவிடுவாள். ஏறுவதில்லை. என் பக்கத்திலேயே ஊர்ந்து வருகிறாள். ஏன்டீ என்றால், "சும்மாதான் அண்ணி, காத்து நல்லா இருக்கு" என்கிறாள். காற்றாம்!

மார்ச் 5

கேப்டன் என் கண்ணாடிக் கடைக்கு வந்திருந்தார், மூக்குக் கண்ணாடியின் காம்பு உடைந்துவிட்டதாம். ஒரு காலத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர், எங்கள் கூட்டத்துக்குத் தலைவர். நடந்து போகும்போதுகூடக் கை காட்டிவிட்டுத்தான் திரும்புவார்.

காம்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "உங்க நாத்தனாருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? மே மாச ஏரிப் பயணத்துக்கு இந்தத் தடவையும் வரலைன்னுட்டாங்களே."

முழங்கால் வலியா? யாருக்கு?

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏரிவரை போய்த் திரும்ப ஒரு நாள் முழுக்க மிதிக்க வேண்டும். என்னால் முடியாது. நான் போகவில்லை என்றால் தானும் போகக் கூடாது என்று முடிவு கட்டி, இல்லாத வலியைச் சொல்லி வைத்திருக்கிறாள். போன வருடமும் இதேதான் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அந்த ஏரி என்றால் உயிர்.

திருகாணி கைதவறி எங்கோ விழுந்துவிட்டது.

மார்ச் 6

முழங்கால் வலியாம். நேற்று மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

மார்ச் 9

கேட்டேவிட்டேன். அவள் இருப்பது எங்கள் மாடி போர்ஷன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று, "உனக்கு முழங்கால்ல என்னடீ வலி?" என்றேன்.

"விடுங்க அண்ணி."

"எனக்காக நீ ஒண்ணும் தியாகம் பண்ண வேண்டாம். நான் செத்தா போயிட்டேன்?"

"சரிங்க அண்ணி."

இதுதான். இந்த "சரிங்க அண்ணி"தான் என்னைக் கொல்கிறது. நாங்கள் எப்படிச் சண்டை போட்டவர்கள்! இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து சண்டை. கொடிக்கயிற்றில் எவ்வளவு பங்கு யாருக்கு என்பதிலிருந்து, யார் அம்மா நன்றாகக் கோலாட்டம் ஆடினாள் என்பதுவரை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏறினால் போதும், பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டே வாரம் முழுதும் சேர்த்ததைக் கொட்டுவோம். வீட்டில் ஆளுக்கு ஒரு வேலை, பேச நேரம் ஏது? சைக்கிளில்தான் எங்களுக்கு வாழ்க்கையே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் என்னிடம் ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை. நான் என்ன சொன்னாலும் சரிங்க. அப்படியென்றால் என்ன அர்த்தம்? நான் முடிந்துபோனவள் என்று அர்த்தம்.

முடியவில்லை நான். பார்க்கலாம்.

மார்ச் 12

டாக்டரிடம் போனேன். சைக்கிளை விடச் சொல்வார் என்று சண்டைக்குத் தயாராகவே போயிருந்தேன். அவரோ, "தாராளமா ஓட்டுங்க. ஆனா ஓட்டும்போது பேச முடியணும். மூச்சு வாங்கி வார்த்தை வரலைன்னா நிறுத்திடுங்க. மேடுதான் உங்களுக்கு வில்லன்" என்றார். பேசுவது மருந்தென்றால் நான் நூறு வயது இருப்பேன்.

வெளியே வரும்போது அங்கிருந்த நர்ஸ்தான் சொன்னாள், அவளுடைய மாமனார் பேட்டரி சைக்கிள் வைத்திருக்கிறாராம். "அவரைப் பிடிக்கவே முடியல ஆன்ட்டி."

மார்ச் 16, சனி

வாங்கிவிட்டேன். பச்சை நிறம்.

கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் வாங்கினேன். காலால் மிதித்தால்தான் மோட்டாரும் கூட உழைக்கும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும். உதவி எவ்வளவு வேண்டும் என்று ஒன்றிலிருந்து நான்குவரை வைத்துக்கொள்ளலாம். வேகம் இருபத்தைந்தைத் தொட்டால் இனி உன் பாடு என்று கைகழுவிவிடும். ஆக, சோம்பேறிக்கு இது ஆகாது.

வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இதுக்கு ஒரு ஸ்கூட்டரே வாங்கியிருக்கலாமே?"

"ஸ்கூட்டர்ல உங்க தங்கச்சி பக்கத்துல போக முடியுமா?"

"உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் வரல, சாமி" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார். புத்திசாலி.

மார்ச் 24, ஞாயிறு

அழுகை வருகிறது. எழுதிவிட்டால் சரியாகும்.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் நான்கில் வைத்தேன். அடேயப்பா! வக்கீலைத் தாண்டி, கேப்டனைத் தாண்டி, நாத்தனாரைத் தாண்டி, உச்சிக்குப் போய்விட்டேன். யாரோ பின்னாலிருந்து தள்ளுவது மாதிரி. மூச்சும் வாங்கவில்லை. இறங்கினேன். இறங்கியவுடன் கை தானாகப் பாட்டிலுக்குப் போய்விட்டது. மூன்று வருடப் பழக்கம் அது. நான் ஏறி வந்தால் நான்தானே முதலில் குடிக்க வேண்டும், எல்லாரும் எனக்காகத்தானே காத்திருப்பார்கள். மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே திரும்பினால், கீழே ஆறு பேரும் நாக்குத் தள்ள ஏறி வருகிறார்கள். எல்லார் கண்ணும் என் பாட்டில்மேல்.

கேப்டன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "மேடு ஏறினது மோட்டார். குடிச்சது நீங்க. அப்ப நாங்க வேடிக்கை பார்க்க வந்தோமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "அண்ணிக்கு மாத்திரை போடற நேரம் கேப்டன், அதான்."

எந்த மாத்திரை? அந்த நேரத்தில் எனக்கு மாத்திரையே கிடையாது. மறுபடியும் எனக்காக ஒரு பொய். தப்பு பண்ணினால் திட்டக்கூட லாயக்கில்லாத நோயாளி நான்.

மார்ச் 27

தப்பு பாட்டில் மட்டும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். சேர்ந்து ஓட்டத்தானே வாங்கினேன்? பிறகு எதற்கு நான்கில் வைத்துப் பறந்தேன்? திமிர்.

ஏப்ரல் 2

கடைக்குப் போகும் முன்னால் தினமும் பழகுகிறேன். மேட்டில் உதவி ஒன்றுக்கு மேல் கிடையாது என்று எனக்கே உத்தரவு போட்டுக்கொண்டேன். சமதரையில்தான் கஷ்டம். அங்கே நம் ஆட்கள் இருபத்தேழு, இருபத்தெட்டில் போவார்கள். இருபத்தைந்தில் மோட்டார் கைவிட்டுவிடும், அதற்குமேல் ஒரு பீரோவைத் தள்ளிக்கொண்டு போகிற கனம். தொடை கடுக்கிறது. கடுக்கட்டும். வாய்விட்டுப் பேசிப் பார்க்கிறேன், வார்த்தை வருகிறது. தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போகிறேன் என்று பால்காரர் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "மாத்திரையும் இல்ல, மண்ணும் இல்ல. பழக்கதோஷத்துல குடிச்சேன். தப்பு என்மேலதான்." நாத்தனார் தரையைப் பார்த்தாள். வக்கீல், "விடுதலை!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார்.

ஆனால் ஏரிப் பேச்சு வந்ததும் கேப்டனின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஞாயித்துக்கிழமை வாங்க அண்ணி, யார் வேணாங்கறது? ஏரிக்கு வேணாம். அது சமமா மிதிக்கறவங்க போற பயணம்."

"ரோடு என்ன உங்க தாத்தா போட்டதா?"

கேட்டுவிட்டேன். நல்லவேளை, இந்தத் தடவை யாரும் எனக்காகச் சமாதானம் சொல்லவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

மேட்டில் நாத்தனாருக்குப் பக்கத்திலேயே ஏறினேன், ஒன்றில் வைத்து, அவள் வேகத்துக்கு என் வேகம். ஏறும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். அவளால் பதில் சொல்ல முடியவில்லை, மூச்சு வாங்கியது! இத்தனை வருடத்தில் நான் பேசி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உச்சியில் நின்று அவள் சொன்னதும் அதே "சரிங்க அண்ணி"தான்.

ஏப்ரல் 28

அவளிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். "நீ ஏரிக்கு வர்றியோ இல்லையோ, நான் போறேன். தனியா. நெஞ்சுல ஸ்டென்ட்டோட. வழியில எங்கயாவது விழுந்து கிடந்தா உன் அண்ணனுக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

முறைத்தாள். முழங்கால் வலி அந்த நிமிடமே குணமாகிவிட்டது.

மே 5, ஞாயிறு

கண் சொருகுகிறது, களைப்பில்தான். ஆனாலும் எழுதாமல் தூங்க மாட்டேன்.

விடிகாலையில் பெட்ரோல் பங்க் எதிரே கூடினோம். கேப்டன் என் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டார். நானும் நாத்தனாரும் வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொண்டோம்.

நகரம் தாண்டியதும் அந்த நீண்ட வெட்டவெளிச் சாலை. எதிர்க்காற்று. சாதாரணக் காற்றில்லை, முகத்தில் கைவைத்துத் தள்ளுகிற காற்று. எதிர்க்காற்றில் முன்னால் போகிறவர்தான் அடி வாங்குவார், பின்னால் வருகிறவருக்கு அவர் மறைப்பு. அதனால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் போவோம். வக்கீல் போனார், திணறிப் பின்வாங்கினார். மற்றவர்களும் அப்படியே. கேப்டன் விடாப்பிடியாக இழுத்தார். வேகம் பதினைந்து, பதினான்கு, பன்னிரண்டு. வரிசை பிய்ந்துபோக ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் காற்றில் யாரும் இருபத்தைந்தைத் தொடப் போவதில்லை. அப்படியென்றால் என் மோட்டார் என்னைக் கைவிடப் போவதும் இல்லை.

ஆனால் பேட்டரியை நான் ஏரிக்கரை மேட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். இங்கே செலவழித்தால் அங்கே இருக்காது. ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, போனால் போகட்டும் என்று மூன்றில் வைத்து முன்னால் போனேன். பதினெட்டு. கூட்டவில்லை, குறைக்கவில்லை. முதலில் நாத்தனார் என் பின்னால் வந்தாள். பிறகு வக்கீல். ஒவ்வொருவராக வந்து ஒளிந்துகொண்டார்கள். கேப்டன் மட்டும் பக்கவாட்டில் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப தூரம் அப்படியே வந்தார். நான் திரும்பவில்லை.

கடைசியில் அவர் குரல் எனக்கு நேர் பின்னாலிருந்து வந்தது. "இதே வேகத்துல வெச்சுக்குங்க அண்ணி. பின்னால எல்லாரும் இருக்காங்க."

ஏரிக்கரை மேட்டில் பாதியில் பேட்டரி செத்தது. இறங்கித் தள்ளினேன். நாத்தனாரும் இறங்கப் பார்த்தாள். "இறங்கினே, காலை உடைச்சிடுவேன். போடீ!" என்றேன். என்ன நினைத்தாளோ, எழுந்து நின்று மிதித்தாள். கேப்டனையும் தாண்டிக்கொண்டு போனாள். ஏரியை முதலில் பார்த்தது அவள்தான்.

கரையிலிருந்த ஓட்டலில் சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்பினோம். வரும்போது காற்று எங்கள் பக்கம்.

மே 6

உட்கார முடியவில்லை, எழ முடியவில்லை. கடைக்கு லீவு. வீட்டுக்காரர் தைலம் தேய்த்துவிட்டார், முணுமுணுத்துக்கொண்டே.

மே 12, ஞாயிறு

கேப்டன் போனில் குழுவுக்கு அனுப்பிய செய்தி: "எதிர்க்காற்று அடித்தால் அண்ணி முன்னால். மற்றபடி வழக்கம் போல."

மே 19, ஞாயிறு

இன்று தண்ணீர்த் தொட்டி மேட்டில் பாதி ஏறியிருப்போம். நான் பாட்டுக்குக் கடையில் வந்த புது ஃபிரேம்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். திடீரென்று நாத்தனார் வெடித்தாள்.

"அண்ணி, ராத்திரியில உங்க டி.வி. சத்தத்தைக் குறைங்க. மூணு வருஷமா எனக்கு ஒழுங்கா தூக்கமே இல்ல!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூணு வருஷமா வாய்ல என்ன வெச்சிருந்தே?"

"அப்ப சொல்ல முடியுமா? நீங்க இருந்த இருப்புக்கு..." மூச்சு வாங்கியது அவளுக்கு. விடவில்லை. "வாசல் கேட்டைச் சாத்தறதே இல்ல. என் குக்கரை வாங்கிட்டுப் போனீங்க, அது போன இடம் தெரியல..."

"அது என் குக்கர்டீ!"

"உங்க குக்கரா? மூடியில என் பேர் போட்டிருக்கு!"

"டி.வி. வைக்கறது உன் அண்ணன். போய் அவரைக் கேளு. உன் வாஷிங் மெஷின் தண்ணி என் வாசல்ல சொட்டுதே, அதை யார்கிட்ட கேக்கறது?"

"சொட்டுதுன்னா சொல்றதுக்கென்ன? வாய் இல்லையா உங்களுக்கு?" எழுந்து நின்று மிதித்து முன்னால் போனாள். நான் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றிப் போய்ப் பிடித்தேன். கொடிக்கயிறு வந்தது, அவள் கல்யாணத்துக்கு நான் எடுத்த புடவையின் நிறம் வந்தது, என் மாமியார் வந்தார். வக்கீல் எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். நான் பேசப் பேச அவளுக்கு முகம் சிவந்துவிட்டது, பதில் சொல்ல மூச்சில்லை.

"மோட்டாரை... நிறுத்திட்டுப் பேசுங்க அண்ணி... தைரியம் இருந்தா!"

நிறுத்தவில்லை. நான் என்ன பைத்தியமா?