சுபேதாரின் மாத்திரை

சேசு மரி சூசை

இண்டூர்
12.2.1973

அன்புள்ள மாமாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். ரீத்தா தூங்கி, அத்தை செபமாலை முடித்துப் படுத்து, விளக்கு என் கைக்கு வர ஊரே அடங்கிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அது தூக்கத்தின் குற்றம், என்னுடையதல்ல.

நாங்கள் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். உங்கள் மகள் எழுந்து நிற்கிறாள். பிடித்துக்கொண்டு நிற்பது சுவரை அல்ல, சுபேதாரின் முதுகை. அவனும் அசையாமல் நின்றுகொடுக்கிறான். அந்த முதுகில்தான் இப்போது எலும்பு எண்ணலாம் போல் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே அவனுக்கு வயிறு சரியில்லை என்று எழுதியிருந்தேன். நின்றது, வந்தது, மறுபடி நின்றது. இப்போது சளியும் இரத்தமுமாகப் போகிறது. சாப்பிட்டதெல்லாம் வீண். மாதுளந்தோல், சீரகத் தண்ணீர், மோர் என்று எல்லாம் பார்த்தாயிற்று. "நாயிக்கு வயிறு போறது ஒரு சேதியா? தானா நிக்கும்" என்கிறார்கள் அத்தை. நிற்கவில்லை. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால், பக்கத்துத் தோட்டத்துப் பெரியண்ணன் வண்டியில் அவனைத் தருமபுரி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரீத்தா மடியில், சுபேதார் காலடியில். வழியெல்லாம் வேடிக்கை.

டாக்டர் நல்ல மாதிரி. குடல் உள்ளே புண்பட்டிருக்கிறதாம். ஒட்டுகிற நோய் இல்லை, குழந்தைக்கு ஒன்றும் வராது என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். "இது தீராதும்மா. பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். பிரெட்னிசோலோன் என்று ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். மனிதர்களுக்கு மூச்சிரைப்புக்குக் கொடுப்பதுதானாம்.

கல்யாண லீவில் வந்தபோது குட்டியைக் கையில் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் உனக்குத் துணை" என்றீர்கள். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உங்கள் அன்புள்ள
அமலோற்பவம்


பதான்கோட்
24.2.1973

அன்புள்ள அமலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். இங்கே குளிர் இன்னும் விடவில்லை.

ஒரு வேண்டுகோள். நாயைப் பற்றி எழுதும்போது 'நம் நாய்' என்று எழுது. "சுபேதாருக்கு வயிறு சரியில்லை, சளியும் இரத்தமுமாகப் போகிறது" என்ற இடத்தைப் பக்கத்துக் கட்டில் பிலவேந்திரன் படித்துவிட்டான். அவன் சொல்லி, பட்டாளத்து பாரக்கே உருண்டு சிரிக்கிறது. நேற்று எங்கள் அதிகாரி, நிஜ சுபேதார் சாகிப் வந்து, "என்னடா, என்னைப் பார்த்தாலே சிரிக்கிறீங்க?" என்கிறார். விஷயம் தெரிந்தால் என் லீவு போச்சு.

உனக்கே உடம்பு இப்போதுதான் தேறியிருக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைவது நன்றாகவா இருக்கிறது? ஒரு மாத்திரையில் சரியானால் சரி. இல்லாவிட்டால் அதை அதன் போக்கில் விடு.

ரீத்தாவுக்கு முத்தம். அம்மாவைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
இன்னாசிராஜ்


சே. ம. சூ.

இண்டூர்
10.3.1973

அன்புள்ள மாமாவுக்கு,

சுபேதாரை சுபேதார் என்றுதான் எழுதுவேன். பேர் வைத்தது நீங்கள். பிலவேந்திரன் அண்ணனுக்கு என் வணக்கம் சொல்லி, அடுத்தவர் கடிதத்தைப் படிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

மாத்திரை வேலை செய்கிறது. இரத்தம் நின்றுவிட்டது. ஆனால் அந்த மாத்திரையே இன்னொரு நோய் போல இருக்கிறது. தவலை தவலையாகத் தண்ணீர் குடிக்கிறான். குடித்ததை வாசலில், கொட்டாயில், ஒரு நாள் அத்தையின் பாயில் விட்டுவிட்டான். பசி அடங்குவதில்லை. ரீத்தாவின் கேழ்வரகுக் கூழை நக்கிவிட்டு, அவளைவிட அதிகமாக முழிக்கிறான். வயிறு தொங்குகிறது, விலாவில் முடி கொட்டுகிறது. சும்மா படுத்திருக்கும்போதும் இரைக்கிறது. டாக்டரிடம் கேட்டதற்கு, மருந்தின் குணம்தான், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், ஆனால் திடீரென்று நிறுத்தவே கூடாது என்றார். நான் விலங்கியல் படித்தவள் என்று சொன்னதும் விளக்கமாகச் சொன்னார். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம். உடம்பு தன் வேலையை மறந்துவிடுகிறது. பட்டென்று நிறுத்தினால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை, உயிருக்கே ஆபத்து.

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். "நான் சொல்றத அப்படியே எழுது புள்ள. உன் பங்குக்கு ஒண்ணும் சேக்காத" என்கிறார்கள். எழுதுகிறேன்.

"ராசா, உங்கம்மா ராயம்மா சொல்றது. நாயி ராவும் பகலும் தண்ணி குடிக்குது. குடிச்சத பூரா வூட்டச் சுத்தி ஊத்துது. நேத்து அரிசி பொடைக்கையில அப்படித் திரும்பி இப்படிப் பாக்கறேன், மொறத்துல வாய வெச்சிருக்குது. உம் பொண்டாட்டி அதுக்கு ஈரலுக்குள்ள மாத்திரைய வெச்சு ஊட்டறா. இந்த வூட்டுல மனுசனுக்கு ஈரல் இல்ல. எழுதிட்டியா புள்ள?"

"எழுதிட்டேங்க அத்தை."

"ஈரல் இல்லன்னு எழுதினியா?"

"அதையும் எழுதிட்டேங்க."

"மருமவ நல்லவதான், நாயி சமாச்சாரத்துலதான் புத்தி இல்ல. அதையும் போடு."

போட்டுவிட்டேன். படித்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். "சரியாத்தான் எழுதியிருக்கற" என்று எழுந்து போய்விட்டார்கள்.

அதன் போக்கில் விடு என்று எழுதியிருந்தீர்கள். அதன் போக்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் விட மாட்டேன்.

உங்கள் அன்புள்ள
அமலோற்பவம்


பதான்கோட்
23.3.1973

அன்புள்ள அமலாவுக்கு,

அம்மா சொல்லி நீ எழுதியதைப் படித்தேன். சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. வயதானவர்கள் படுக்கிற பாயில் நாய் அசிங்கம் செய்வதும், குழந்தையின் கூழில் வாய் வைப்பதும் சிரிக்கிற விஷயமா?

வத்தல்மலையில் மாதப்பன் இருக்கிறான். நம்மிடம் மாடு வாங்கியவன், நல்ல மனிதன். தினைக்காட்டுக்குக் காவலாக ஒரு நாய் வேண்டும் என்று எப்போதோ கேட்டான். அவனிடம் சேர்த்துவிடலாம். மலைக்காற்றில் அதற்கும் உடம்பு தேறும். யோசித்துப் பார்.

அன்புடன்
இன்னாசிராஜ்


சே. ம. சூ.

இண்டூர்
25.4.1973

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கும் பிலவேந்திரன் அண்ணனுக்கும் பாஸ்கா வாழ்த்துகள், ஆண்டவர் உயிர்த்த திருநாள் வாழ்த்துகள். நடந்ததை மற்றவர்கள் எழுதுவதற்கு முன் நானே எழுதுகிறேன்.

என் தங்கை லூர்துமேரிக்குப் பிரசவம் என்று கம்பைநல்லூரிலிருந்து ஆள் வந்தது. குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் ரீத்தாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஆண் குழந்தை, இருவரும் சுகம். கிளம்பும்போது அத்தையிடம் மாத்திரைப் புட்டியைக் கொடுத்து, காலையும் மாலையும் ஈரல் துண்டுக்குள் வைத்துக் கொடுங்கள் என்று சொன்னேன். "தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கறேன், போ" என்றார்கள்.

பெரிய வெள்ளி மத்தியானம் திரும்பி வந்தேன். பஸ் சத்தம் கேட்டால் ரோட்டுக்கே ஓடி வருகிறவன் வரவில்லை. கொட்டாயில் கிடந்தான். காதும் காலும் சில்லிட்டு, உடம்பு நடுங்கி, தலையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் வாந்தி.

"மாத்திரை குடுத்தீங்களா அத்தை?"

"எப்படிக் குடுக்கறது? பெரிய வாரத்துல கறிச்சட்டிய எடுப்பாங்களா? வூட்டுக்குள்ள ஈரல் வரலாமா?"

"ஒரு நாள்கூடக் குடுக்கலீங்களா?"

"எல்லாத்தையும் சகாயமாதா படத்துக்குப் பின்னால பத்திரமா வெச்சிருக்கறேன் புள்ள. ஞாயித்துக்கெழமை கறி எடுத்ததும் மொத்தமாக் குடுத்துடலாம்னு இருந்தேன். ஒண்ணுகூடக் கொறையல, எண்ணிப் பாரு."

மாமா, எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை. களி உருண்டையில் வைத்துக் கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. மாத்திரை என்றால் ஈரலுக்குள் இருப்பது என்றே பார்த்துப் பழகிவிட்டது. ஈரல் இல்லையென்றால் மாத்திரையும் இல்லை. ஒருசந்தி விரதம் இருக்கிற வீட்டில் நாய்க்கும் ஒருசந்தி. அத்தையைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர்களே பயந்துபோய்ப் பெரியண்ணனைக் கூப்பிட ஓடினார்கள்.

வண்டி கோயிலைத் தாண்டும்போது சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அருள்சாமி சித்தப்பா வண்டியை மறித்தார்.

"ஆண்டவரு பாடுபட்ட நாள்ல கோயிலுக்கு வராம நாய ஏத்திக்கிட்டுப் போறியா? படிச்ச புள்ள செய்யற வேலையா இது?"

"ஆண்டவர் பாடு மூணு மணிக்கு முடிஞ்சிடுச்சுங்க சித்தப்பா. இவன் பாடு இன்னும் முடியல. வழி வுடுங்க."

இப்படித்தான் சொன்னேன். கூட்டிச் சொன்னால் நம்பாதீர்கள், குறைத்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொன்னேன். அவர் இருமினார்; சிரிப்பை மறைத்தாரோ என்னவோ.

ஆஸ்பத்திரி லீவு. டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஊசி போட்டு, தோலுக்கடியில் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார். "மொத்தமாக் குடுக்கறதுக்குள்ள வந்தீங்களே" என்று மட்டும் சொன்னார். மறுநாளும் ரீத்தாவோடு அங்கேயே இருந்தேன். சனி இரவு பாஸ்கா திருவிழிப்புப் பூசைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்து அவன் எழுந்து தண்ணீர் குடித்தான். தண்ணீர் குடிக்கிறான் என்று திட்டிக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்து அழுதேன்.

இப்போது மாத்திரை களி உருண்டைக்குள். உருட்டிக் கொடுப்பது அத்தை.

உங்கள் அன்புள்ள
அமலோற்பவம்


பதான்கோட்
5.5.1973

அமலோற்பவத்துக்கு,

உன் கடிதமும் சித்தப்பா கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஊரே பேசுகிறதாம். பட்டாளத்தில் இருக்கிறவன் மனைவி பெரிய வெள்ளியன்று பெரியவர்களை எதிர்த்துப் பேசினாள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

ஜூன் முதல் வாரம் லீவு கிடைத்துவிட்டது. நான் வரும்போது அந்த நாய் வீட்டில் இருக்கக் கூடாது. மாதப்பனுக்குச் சொல்லி அனுப்பு. இதற்குமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

இன்னாசிராஜ்


சே. ம. சூ.

இண்டூர்
14.5.1973

அன்புள்ள மாமாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

சுபேதார் மலைக்குப் போகப்போவதில்லை. மாதப்பன் நல்லவர்தான், நான் மறுக்கவில்லை. சந்தைக்கு வந்தவரிடம் நானே கேட்டேன். "மாத்திரையா? நாயிக்கா? தெனமுமா?" என்று கேட்டுவிட்டு, "நம்மால ஆவாதும்மா" என்றார். அந்த மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று பெரிய வாரத்தில் இந்த வீடே பார்த்தது. இதற்குப் பிறகும் மலைக்கு அனுப்புவது என்றால் அது கொல்வதுதான். மலைக்காற்று என்று அதற்குப் பேர் வைக்க வேண்டாம்.

அத்தையிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நீங்க என்ன சொல்றீங்க, எழுதறேன்" என்றேன். சுபேதாரின் மாத்திரையை வைத்துக் களி உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொல்ல ஒண்ணுமில்ல. நீயே எழுதிக்க" என்றார்கள்.

சித்தப்பாவை எதிர்த்துப் பேசியதற்கு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வண்டியை ஓட்டிக்கொண்டு போனதற்குக் கேட்கவில்லை.

இன்னொன்று, இதுவரை எழுதாதது. ரீத்தா பிறந்த பிறகு எனக்குக் காய்ச்சல் விடாமல் அடித்ததே, அப்போதும் பதான்கோட்டிலிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தது. 'அம்மாவால் இரண்டு பேரைப் பார்க்க முடியாது, குணமாகும்வரை அவள் கம்பைநல்லூரில் இருக்கட்டும்' என்று. நான் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். மாதக்கணக்கில் அங்கே படுத்துக்கிடந்தேன். குணமானேன், வந்தேன். குணமாகாமலே இருந்திருந்தால்? தீராது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு டாக்டர் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தால்? என்னை எந்த மலைக்கு அனுப்பியிருப்பீர்கள்? கோபத்தில் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவனுக்கு மாத்திரை கொடுக்கும்போது இதுதான் நினைவுக்கு வருகிறது, அதனால் கேட்கிறேன்.

இந்த வீட்டில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் இந்த வீட்டிலேயே வைத்துப் பார்ப்போம். உங்களுக்கு வந்தாலும், அத்தைக்கு வந்தாலும், நாய்க்கு வந்தாலும். என் மகள் இதைப் பார்த்து வளரட்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன். மற்றபடி நீங்கள் எதைச் சொன்னாலும் கேட்கிறேன், இவ்வளவு நாளும் கேட்டவள்தான்.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. அவன் இனி உள்ளே படுக்க மாட்டான். கொட்டாயில் தனி மறைப்பு கட்டியாயிற்று, தினமும் நான் கழுவிவிடுகிறேன். ரீத்தாவின் கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட விடுவதில்லை. மாத்திரையைப் பாதியாகக் குறைத்தாயிற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆக்கலாம் என்கிறார் டாக்டர். தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறது. விலாவில் முடி பூனை முடி மாதிரி முளைக்கிறது. மறுபடி இரத்தம் வரலாம், வராமலும் இருக்கலாம். ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டேதான் கொட்டாய்ப் பக்கம் போகிறேன்.

ஜூனில் நீங்கள் வரும்போது அவன் இங்கே இருப்பான். தெரிந்தே வாருங்கள். எந்த ரயில் என்று எழுதினால் நானும் ரீத்தாவும் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வந்து நிற்போம். வர மனமில்லை என்றால் அதையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். சித்தப்பா மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன், கடிதம் வராமல் இருப்பதை மட்டும் தாங்க முடியாது.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
அமலோற்பவம்