எடை கூடிய குழந்தை

ஜமுனாமரத்தூர்,
29.7.1983

அன்புள்ள நீலாவதிக்கு,

எடை கூடிக்கொண்டே வரும் குழந்தை செத்துக்கொண்டிருக்கிறது என்பதை அதன் தாயிடம் எந்த வார்த்தையில் சொல்வது? நாம் இருவரும் சேர்ந்து படித்த ஊட்டச்சத்துப் பாடத்தில் இதற்கு விடை இல்லை. என்னிடமும் இல்லை.

நீ அனுப்பிய கம்பளிப் போர்வை வந்தது. ஒரு வாரமாகச் சாரல். போளூர்ப் பேருந்து ஒருநாள் வந்தால் மறுநாள் வருவதில்லை. உன் முழங்கால் வலியைப் பற்றி எழுது.

ஊட்டச்சத்துப் பணியாளராக நான் குழந்தைகளை எடை பார்க்கப் போகும் ஊர்களில் ஒன்றில் சாந்தம்மாள் என்பவளின் மகள் குப்பு. மூன்று வயது. வைகாசியில் தட்டம்மை வந்தது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கமாட்டார்கள், பருப்பு வேகவைக்கமாட்டார்கள், முட்டையைத் தொடமாட்டார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் மற்றவர்கள் பழையபடி சாமைச் சோறும் கொள்ளும் தின்றார்கள். குப்பு பிழைத்ததற்காக அவளுக்கு மட்டும் ஆடித் திருவிழா முடியும்வரை வேண்டுதல். ரேஷன் கடைப் பச்சரிசியை நொய்யாக்கிக் கஞ்சி, அதுமட்டும். வீட்டிலேயே விலை உயர்ந்த சாப்பாடு அதுதான். செல்லப்பிள்ளைக்குத் தந்தார்கள்.

ஆனியில் எட்டுக் கிலோ இருந்தாள். ஆடி பிறந்ததும் ஒன்பது. எடை அட்டையில் "தேறி வருகிறது" என்று நானே எழுதினேன். தராசை நம்பினேன், குழந்தையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

நேற்றுத்தான் அவள் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது, மேலே எழவில்லை. முடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வந்தது. அழக்கூட இல்லை.

மாவுச்சத்து அடுப்புக்கு விறகு போல, அது குப்புவுக்குக் கிடைத்தது. சதையைக் கட்டுவதும், இரத்தத்தில் தண்ணீரைப் பிடித்துவைப்பதும் புரதம். அது இல்லாததால் தண்ணீர் சதைக்குள் கசிந்து நிற்கிறது. நான் எழுதிய ஒன்பதாவது கிலோ அந்தத் தண்ணீர்தான். எண்ணெயும் கீரையும் இல்லாததால் கண்ணும் மங்கியிருக்கிறது. இதையெல்லாம் சுவரில் படம் வரைந்து மாட்டியவள் நான்.

சாந்தம்மாளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "ஒட்டிக் கெடந்தப்பவும் திட்னீங்க, தேறி வந்தாலும் திட்றீங்க. இன்னாம்மா நீங்க? உங்க தராசுதானே சொல்லுது? நீங்கதானே எழுதுனீங்க?" என்றாள். அவள் கணவன் ரங்கன், "புள்ள புசுபுசுன்னு இருக்கறத பாத்து எட போட வந்த அம்மாவே கண்ணு வச்சிட்டாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தான். சாந்தம்மாள் அட்டையை நீட்டினாள். என் கையெழுத்து.

போளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டியாயிற்று. திருவிழா முடிய இன்னும் ஐந்து நாள். அதுவரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த வீட்டுக்கு ஆகாதாம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நேற்றுவரை என் தராசின்மேல் எனக்கு இருந்த நம்பிக்கையைவிட அது எந்த விதத்தில் மட்டம் என்றும் சொல்லத் தெரியவில்லை.

நாளைக் காலை மறுபடி போய்க் கேட்பேன். உன் மாணவிகளுக்கு ஒன்று சொல், நீலாவதி. தராசில் ஏற்றுவதற்குமுன் பாதத்தை அழுத்திப் பார்க்கட்டும். இதை மட்டும் எனக்காகச் செய்.

உன்,
வடிவு

30.7.1983

தபாலில் சேர்க்குமுன் இதையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் குப்பு கண் திறக்கவில்லை. சாந்தம்மாள் எல்லைக்கல்வரை தூக்கிவந்தாள். "நான் தாண்ட மாட்டேம்மா. நீங்க வெளியூரு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எடுத்துனு போங்க" என்று கல்லுக்கு மேலாகக் குழந்தையை என் கையில் கொடுத்தாள். பேருந்து வந்தது. மலை இறங்கும்போது மூச்சு இருந்தது. போளூரில் மருத்துவர் பார்த்தபோது இல்லை. உடலைப் பெற்றோர் வந்துதான் வாங்கவேண்டும் என்றார்கள்.

சாயங்காலப் பேருந்தில் திரும்பினேன். கல்லுக்கு அந்தப் பக்கம் சாந்தம்மாள் நின்றிருந்தாள். என் வெறுங்கையைப் பார்த்ததும், "ஆஸ்பத்திரில சேத்துக்கினாங்களாம்மா?" என்று கேட்டுக் கும்பிட்டாள்.