பூட்டுவதற்கு முன்

அருப்புக்கோட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு பௌசியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அர்ஷியாவும் மாமியும் சுகம். தம்மாமில் உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மாமி தைலம் வாங்கி வைத்திருக்கிறார்கள். லீவு முடிந்து அங்கே திரும்பும் என் தம்பி ஃபைசல் அதைக் கொண்டுவருவான். கடிதத்தையும் அவனிடமே கொடுத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போனில் நீங்கள், "வேலைய விட்டுட்டு வந்துரு புள்ள, விசாவுக்கு ஏற்பாடு ஆயிருச்சு" என்கிறீர்கள். பக்கத்தில் உங்கள் அறைக்காரர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. சரி சரி என்று வைத்துவிடுகிறேன். வைத்த பிறகு உட்கார முடியவில்லை, வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். நூலகத்தில் ஒரு பிரச்சினை என்று மட்டும்தான் உங்களிடம் சொன்னேன். முழுவதையும் சொல்ல இப்போதுதான் வாய்த்தது.

திருச்சுழி நூலகத்தில் இருந்தவரை நான் ஒருத்திதான் எல்லாம். நானே திறப்பேன், அடுக்குவேன், பூட்டுவேன். டவுன் கிளைக்குப் பொறுப்பாக வந்த பிறகுதான் ஆட்களை வைத்து வேலை வாங்குவது எவ்வளவு பாடு என்று தெரிந்தது. உதவியாளர் சங்கரபாண்டியன் வயதிலும் சர்வீஸிலும் எனக்கு மூத்தவர். இந்தப் பொறுப்பு தனக்கு வரும் என்று இருந்தவர். நான் எதைச் சொன்னாலும் சுவரைப் பார்த்து, "ஆகட்டும்" என்பார். ஒன்றும் ஆகாது.

அந்த நேரத்தில் மதுரையில் நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நேரம் தவறாமை, தலைமைப் பண்பு, எழுத்தில் உத்தரவு என்று திரையில் படம் போட்டு வகுப்பு எடுத்தார்கள். அங்கே கேட்டபோது எல்லாமே எளிதாகத்தான் தெரிந்தது. வந்த சூட்டோடு ஓர் உத்தரவு போட்டேன். மதிய இடைவேளைக்கு மணி அடித்தால் உடனே பூட்ட வேண்டும். அதுவரை சங்கரபாண்டியன், "கெளம்புங்கப்பா, சோத்து நேரமாச்சு" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு அலமாரி இடுக்காக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார். தாமதமாகும். வாசகர்கள் இருக்கும்போதே அதற்காக அவரைக் கண்டித்தேன். சுற்றி வர வேண்டாம், மணி அடித்தால் பூட்டுங்கள், அவ்வளவுதான் என்றேன். "ஆகட்டும்" என்றார். அன்றிலிருந்து அப்படியே செய்தார்.

ஜோதிகா என்று ஒரு பெண். எம்.ரெட்டியபட்டி. குரூப் நாலு பரீட்சைக்குப் படிக்க முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவள். கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒரு மேசை கிடக்கிறது, அதுதான் அவள் இடம். போன வாரம் அதில் தலையைச் சாய்த்துக் கண்ணயர்ந்திருக்கிறாள். மணி அடித்தது. சங்கரபாண்டியன் மெயினை அணைத்து, கதவைப் பூட்டினார். நான் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அர்ஷியாவுக்குச் சோறு ஊட்டினேன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தி, மின்விசிறி இல்லாமல், இந்த வெயிலில் அந்தப் பிள்ளை உள்ளே இருந்தாள். செல்லில் சார்ஜ் இல்லை. சாயங்காலம் திறந்தபோது வாசல் கதவுக்குக் கீழேயே மயங்கிக் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான், பிழைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா பொன்னுச்சாமி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்.

வரும் திங்கட்கிழமை விசாரணை. அலுவலகத்தில் வேண்டியவர் ஒருவர் போன் பண்ணி, "பூட்டுனது அந்தாளுதானம்மா? அவரு கவனக்குறைவுன்னு எழுதுங்க. வேற ஊருக்கு மாத்திருவாக. ஒங்களுக்கும் தொல்ல விட்டுச்சு" என்றார். மாமியும் அதையே சொல்கிறார்கள். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள் என்று தெரியும். மச்சான், விசாரணைக்கான அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டேன். உத்தரவு என்னுடையது, சுற்றிப் பார்க்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான் என்று எழுதினேன். எழுதிய கையோடு பயம் பிடித்துக்கொண்டது. வேலையே போகுமோ என்னவோ. மாமி கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

* * *

மறு வெள்ளி.

ஃபைசலுக்கு டிக்கெட் தள்ளிப்போய்விட்டது. அதனால் மீதியையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். என் அறிக்கையை சங்கரபாண்டியன் முன்னால் வாசித்தார். அவர் அதை அப்போதுதான் கேட்கிறார். பிறகு, "அய்யா, அவுக உள்ள பாத்துட்டுப் பூட்டச் சொன்னாக. நாந்தான் பாக்கல" என்றார். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார், மச்சான். இத்தனை நாளாக என்னிடம் ஒரு வார்த்தை சேர்த்துப் பேசாத மனுஷர். பேசாமல் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். ஒரு நொடி அப்படி இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் வாய் அதற்குள், "அப்படி நான் சொல்லல சார். சொல்லியிருக்கணும்" என்றுவிட்டது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, சங்கரபாண்டியனுக்கு ஒன்றுமில்லை. வேலை தப்பியது. பதவி உயர்வு இந்த வருஷம் இல்லை.

அதிகாரி போன பிறகு, "இப்ப என்ன செய்யலாம்ண்ணே?" என்று சங்கரபாண்டியனிடம் கேட்டேன். இங்கே வந்ததிலிருந்து அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று கேட்ட பிறகே உறைத்தது. அவர், "புள்ள வீட்டுக்குப் போவோம்" என்றார். ஷேர் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் பருத்திக்காடு காய்ந்து கிடந்தது.

பொன்னுச்சாமி உட்காரச் சொல்லவில்லை. "பரீட்ச நெருங்குது, வீட்டுக்குள்ள கெடந்து தவிக்கா. ஆனா அனுப்ப எனக்கு மனசு வரல" என்றார். நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. என் உத்தரவால்தான் நடந்தது என்று மட்டும் சொன்னேன். உள்ளேயிருந்து ஜோதிகா வந்தாள். "உள்ள இருந்த வெக்க கூடப் பரவாயில்லக்கா. கதவத் தட்டித் தட்டிக் கத்துறேன், பக்கத்துல தறி ஓடுற சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல" என்றாள். சங்கரபாண்டியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பொன்னுச்சாமியிடம், "இனி நானும் இவுகளும் சேந்து உள்ள சுத்தி வந்துட்டுத்தான் பூட்டுவோம். என்ன நம்பி அனுப்புங்க" என்றார். பொன்னுச்சாமி உள்ளே திரும்பி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நேற்று ஜோதிகா வந்தாள். பழைய மேசைக்குப் போகவில்லை. வாசலை ஒட்டி உட்கார்ந்து படித்தாள். பழைய உத்தரவைக் கிழித்துவிட்டேன். புதிதாக எது செய்வதானாலும் இப்போது எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன். மதியம் பேப்பர் படிக்க வரும் தறிக்காரர்களுக்காகப் பூட்டும் நேரத்தையே தள்ளி வைக்கலாம் என்று சங்கரபாண்டியன் சொல்கிறார். மேலிடத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். சண்டை போட வேண்டியிருக்கும் போலிருக்கிறது. போடுவேன்.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. சுற்றிப் பார்த்துப் பூட்டிவிட்டு வந்தாலும் சோறு இறங்குவதில்லை. திரும்பவும் நடந்து போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருகிறேன். மாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

விசா விஷயம். உங்களோடு இருக்க எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அர்ஷியா செல்லில் உங்கள் முகத்தைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு நான் அடுப்படிக்குள் போய் நின்றிருக்கிறேன். ஆனால் இப்போது கிளம்பினால் நான் ஓடி வந்தவளாகத்தான் வருவேன். அங்கே உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் காது இங்கேதான் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனமான லோடு எதையும் தூக்காதீர்கள். வெயிலிலும் வேலையிலும் அல்லாஹ் உங்களுக்குத் துணை நிற்பானாக. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மச்சான். இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணும்போது, "எப்ப வாரே?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இன்னைக்கு லைப்ரரில என்ன நடந்துச்சு?" என்று ஒரு தடவை கேளுங்கள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதை நானும் கேட்கிறேன்.

வஸ்ஸலாம்.

உங்கள்,
பௌசியா