ஓட்டுகிறவர் பக்கத்து பெல்ட்

மார்ச் 3

மதிப்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் வண்டியை விற்கிறீர்கள் என்று விளம்பரத்தில் பார்த்து, நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். எனக்குத் தர மாட்டேன் என்றுவிட்டீர்கள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனில் கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆளுக்கொரு வார்த்தை பேசுவீர்கள். இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

கயிறும் நாடாவும் விற்றுப் பிழைக்கிறவன் நான். தலைச்சுமையாக விற்ற காலத்திலிருந்து ஒன்று பார்த்திருக்கிறேன். கோளாறான சரக்கை வைத்திருப்பவன் தெரியாத முகமாகத் தேடுவான். தெரிந்தவன் போய் நின்றால், "உங்களுக்கு இது வேண்டாமே" என்பான். நீங்களும் அதையேதான் சொன்னீர்கள்.

ஆறு வருஷ வண்டி. உசத்தியான கம்பெனி. உயரமாக உட்கார்ந்து போகலாம், சந்திலும் நிறுத்தலாம். கொள்முதலுக்கு அலைகிற எனக்கு வேறென்ன வேண்டும்? முகம் தெரியாதவனுக்குத் தருவீர்கள், பெண் கொடுத்தவனுக்குத் தர மாட்டீர்களா?

வண்டியில் என்ன கோளாறு, ஐயா?

இப்படிக்கு,
கயிற்றுக் கடைக்காரன்


மார்ச் 7

அன்புமிக்க சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் இருக்கட்டும், எழுத்து வரவரப் பெரிதாகிக்கொண்டே போகிறது. படிக்கிற கண்ணாடியை மாற்ற வேண்டும். கடைக்கு வாருங்கள், நானே அளவு பார்க்கிறேன்.

எனக்கு முழங்கால் வலி. மகனுக்கு ஆபீஸில் வண்டி கொடுத்துவிட்டார்கள். இது சும்மாதான் நிற்கிறது. உறவுக்குள் கொடுக்கல் வாங்கல் நுழைந்தால், நாளைக்கு ஒரு பல்பு போனாலும் மனசு கசந்துவிடும். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். மருமகள் நலம். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
கண்ணாடிக்காரர்


மார்ச் 14

சம்பந்திக்கு,

வந்தேன், பார்த்தேன். கூட வந்தவரை நண்பர் என்றேன். அவர் மெக்கானிக். நகத்துக் கிரீஸைப் பார்த்து உங்களுக்கே புரிந்திருக்கும்.

திரும்பும்போது அவர் சொன்னார்: "முதலாளி, இன்ஜின் சுத்தம். ஆறிக் கிடந்த வண்டி உடனே எந்திரிக்குது, புகை இல்ல. கியர் வெட்டல. சர்வீஸ் ஒழுங்கா விட்டிருக்காங்க. முன்னால கொஞ்சம் பெயின்ட் அடிச்சிருக்காங்க, ஏதாவது உரசியிருக்கும். டயர் நாலும் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். கண்ண மூடிட்டு வாங்குங்க."

கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருந்தால் நான் இன்றும் தலைச்சுமைதான் தூக்கிக்கொண்டிருப்பேன்.

அவர் பானெட்டைப் பார்த்தார். நான் பெல்ட்டைப் பார்த்தேன். பின் இருக்கை பெல்ட்டுகளின் ஓரம் பிசிறியிருக்கிறது. முன்னால் பக்கத்து இருக்கையிலும் அப்படியே. ஓட்டுகிறவர் பக்கத்து பெல்ட்தான் தினமும் இழுபடுவது, அதுதான் முதலில் நைய வேண்டும். அதுவோ நேற்று கடையிலிருந்து வந்த மாதிரி மொடமொடவென்று இருக்கிறது. நெசவே வேறு. பெல்ட்டை யாரும் ஆசைக்கு மாற்ற மாட்டார்கள். வண்டி பலமாக மோதினால்தான் மாற்றுவார்கள்.

வீட்டில் சொன்னேன். "பொண்ணு குடுத்த வீட்டுல போய் பெல்ட்ட இழுத்துப் பாத்துட்டா வந்தீங்க? இனி நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போறது?" என்று ஒரே சண்டை.

அவள் திட்டட்டும். போன வருஷம் என் மகளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. படியில் விழுந்தாள் என்றீர்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு மொத்தமே நாலு படி. அன்றைக்கே எனக்கு உறுத்தியது. உங்கள் பையன் குடித்துவிட்டு எங்காவது மோதினானா? இல்லை, அதைவிட மோசமாக ஏதாவதா? அவளிடம் கேட்டால் "நான் நல்லாதாம்பா இருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

எனக்கு வண்டி வேண்டாம், உண்மை வேண்டும். வராவிட்டால் மகளை அழைத்துப் போக நானே வருவேன். உறவு அறுந்தாலும் சரி.

கயிற்றுக் கடைக்காரன்


மார்ச் 17

சம்பந்தி அவர்களுக்கு,

வண்டி மோதியது உண்மை. அதில் என் மகன் இல்லை. ஓட்டியது உங்கள் மகள், தனியாக.

மழை நாள். சைக்கிளில் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். அவரைக் காப்பாற்றத் திருப்பியவள் விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டாள். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. பெல்ட் இவளைப் பிடித்து நிறுத்தியது. பிடித்த இடத்தில்தான் எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் பேசிய முதல் பேச்சு: "மாமா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏம்மா?"

"காலேஜ் படிக்கிறப்ப ஸ்கூட்டர்ல ஒரே ஒரு கோடு விழுந்துச்சு. மறுநாளே வித்துட்டார் மாமா. இது தெரிஞ்சா, என் கையில சாவியே குடுக்கக் கூடாதுன்னு உங்களையும் மாத்திடுவார்."

வாக்குக் கொடுத்தேன். இன்று அதை மீறுகிறேன் என்றால், அது என் பையன் மேல் நீங்கள் போட்ட பழிக்காக. உங்களுக்காக அல்ல.

வேறு யார் வந்தாலும் மோதியதைச் சொல்லியே விற்பேன். உங்களிடம் சொல்லவும் முடியாது, மறைத்து விற்கவும் மனசு வராது. அதனால்தான் தர மாட்டேன் என்றேன். யாரும் தடுக்காமலே அவள் இப்போது சாவியைத் தொடுவதில்லை. வாசலில் வண்டி நிற்கிற பக்கம் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போகிறாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் விற்கிறேன். முழங்காலில் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

கண்ணாடிக்காரர்


மார்ச் 22

அன்புள்ள சம்பந்திக்கு,

மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் விஷயம் அவள் காதுக்குப் போய்விடும். அதை உங்களிடமே கேட்டுக்கொள்கிறேன். ஸ்கூட்டரை விற்றது என் தப்புதான்.

வண்டியை எனக்கே கொடுங்கள். மோதியும் உள்ளே இருந்தவளை உயிரோடு திருப்பிக் கொடுத்த வண்டி. இதற்கு மேல் நம்பகம் என்று எதைப் பார்ப்பது?

எனக்கு இந்த ஆட்டோமேட்டிக் கியர் பிடிபடவில்லை, நீதான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அவளைக் கூப்பிடப் போகிறேன். சரக்கு வேன் ஓட்டியவனுக்கு இது இரண்டு நாளில் பிடிபட்டுவிடும். ஆனால் இரண்டு மாசத்துக்குப் பிடிபடாது. முதல் நாளே அவள் உட்கார மாட்டாள் என்று தெரியும். வாரா வாரம் கூப்பிடுவேன். நான் பக்கத்து இருக்கையில் வாயை மூடிக்கொண்டு உட்காருவேன். என் பிழைப்பில் செய்யாத வேலை, பழகிக்கொள்கிறேன்.

நான் பேரம் பேசாமல் வாங்கினால் அவளுக்கு அந்த நிமிஷமே சந்தேகம் வந்துவிடும். ஆகவே ஞாயிறு வந்து அவள் எதிரில் உரக்கப் பேசுவேன், நீங்களும் விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள். முடிவை இங்கேயே எழுதிவிடுகிறேன்: நீங்கள் விளம்பரத்தில் போட்ட விலை, அதில் நாலு டயருக்கு உண்டானது கழிவு, மீதி முழுவதும் ரொக்கம், இரண்டாவது சாவி என் மகளிடம்.

உங்கள்,
கயிற்றுக் கடைக்காரன்