தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னல்

ஊரில் எல்லார் சாவுக்கும் போய்த் திரும்பி வந்த என் அய்யாவுக்கு,

ஜன்னல்களை மாற்றிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் நீங்கள் இல்லை, மழை இருக்கிறது.

போன மழைக்குக் கூடத்து ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து அம்மாவின் கட்டில் மொத்தமும் நனைந்துவிட்டது. வேப்பமர நிலையைக் கரையான் தின்று முடித்திருந்தது. கதவை இழுத்துச் சாத்தினால் கொண்டி மாட்ட மரமே இல்லை. தேவிபட்டினம் பக்கமிருந்து வருகிற உப்புக்காற்றில் கம்பிகள் துருவேறி உப்பி, தாங்கி நின்ற மரத்தையே பிளந்திருந்தன. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும் என்று நீங்கள் இருக்கும்போதே சொன்னேன். “ஒம் படிப்ப அங்கன, சோலார் கம்பெனியில வச்சுக்க” என்றீர்கள். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த ஜன்னலை நீங்கள் ஏன் விட மறுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதில்லையா? அவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றுப்பட்டு ஊர்களில் யார் செத்தாலும் அய்யாவுக்குத்தான் முதலில் ஆள் வரும். பந்தல் போடுவதிலிருந்து காட்டுக்குத் தூக்குவது வரை நின்றுவிட்டு வருவார். துக்க வீட்டுக்குப் போனவர் குளிக்காமல் வாசல்படி ஏறக்கூடாது. வீட்டைச் சுற்றிவந்து, கூடத்து ஜன்னலுக்குக் கீழே இருக்கிற சிமெண்டுத் தொட்டியில் மொண்டு, கட்டின வேட்டியோடு தலைக்கு ஊற்றிக்கொள்வார். உள்ளே இருந்து அம்மா கம்பிகளுக்கு நடுவே மாற்று வேட்டியையும் துண்டையும் நீட்டுவாள். மடித்த வேட்டி நுழைவதற்காக நடுக்கம்பி இரண்டையும் அய்யாவே கையால் விலக்கி வைத்திருந்தார்.

செத்தது யார், எப்படி, யார் அழுதார்கள், யார் அழாமல் பந்தியை மட்டும் கவனித்தார்கள் எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் அம்மாவுக்குச் சொல்வீர்கள். நீங்கள் இரண்டு பேரும் நின்று பேசி நான் பார்த்த இடம் அது ஒன்றுதான்.

நீங்கள் போன பிறகு அம்மாவுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. மதுரை டாக்டர் மாத்திரை கொடுத்தார். நிறுத்த முடியாது, மெதுவாகப் போக வைக்கலாம் என்றார். மெதுவாகப் போகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. பொழுது சாய்கிற நேரம் துண்டை எடுத்துக்கொண்டு அந்த ஜன்னலுக்குப் போய்விடுவாள். நீங்கள் எங்கேயோ எழவுக்குப் போயிருக்கிறீர்கள், வந்துவிடுவீர்கள் என்பது அவள் கணக்கு.

நான் உள்ளதைச் சொன்னேன். அய்யா செத்துப்போய்விட்டார், நான்தான் கொள்ளி வைத்தேன் என்றேன். அவள் அப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் மறந்துபோய் மறுபடியும் துண்டோடு நின்றாள். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அதே அழுகை. நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு ராக்கு அத்தைதான் ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தியது.

“ஏலே, ஒரு சாவ எத்தன தடவடா சொல்லுவ?”

அதற்கப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன். வருவார் என்றும் சொல்லவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது, உங்களுக்குத் தெரியும்.

ராம்நாட்டிலிருந்து ஆள் வந்து ஜன்னல்களைக் கழற்றினார்கள். கழற்றினார்கள் என்று சொல்வதே அதிகம், நிலை கையோடு உதிர்ந்து வந்தது. புதுசு யுபிவிசி, கெட்டிப் பிளாஸ்டிக். கரையான் தொடாது, துரு ஏறாது, சாரல் பட்டால் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை உண்டு. வெளிப்பக்கம் கொசுவலை. வெயில் உள்ளே இறங்காமலிருக்க மேலே பூச்சுப் பூசிய கண்ணாடியாகக் கேட்டு வாங்கினேன். ராக்கு அத்தை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பேங்கு கணக்கா இருக்கு, உங்கம்மா உள்ள உக்காந்து டோக்கன் குடுப்பாளா என்று கேட்டது. நானும் சிரித்தேன்.

அம்மா அன்று சாயங்காலம் துண்டோடு வந்தாள். நீட்டுவதற்குக் கம்பி இல்லை. கண்ணாடியைத் தடவினாள். நான் லைட்டைப் போட்டேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

பகல் பூராவும் கம்பெனியில் சோலார் கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவேதான் நிற்கிறேன் அய்யா. எந்தக் கோணத்தில் வெளிச்சம் விழுந்தால் என்ன தெரியும் என்பதுதான் என் பிழைப்பே. உள்ளே லைட் எரிந்து வெளியே இருட்டாக இருந்தால் ஜன்னல் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் அது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வீட்டு ஜன்னலில் இதுவரைக்கும் கண்ணாடி இருந்ததே இல்லையே.

அம்மா ரொம்ப நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்தப்பக்கம் கேட்டுவிடக் கூடாது என்பது போல் மெதுவாகச் சொன்னாள்.

“தொட்டிகிட்ட ஒரு பொம்பள துண்டோட நிக்கிறா பாரு. நெத்தி வெறும் நெத்தியா இருக்கு. அவ வீட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாக போல. அது தெரியாம நிக்கிறா, பாவி மக. நீ போயி பக்குவமாச் சொல்லிட்டு வா.”

போனேன். வேறு என்ன செய்ய? வீட்டைச் சுற்றிப் போய்த் தொட்டியோரம் நின்றேன். அங்கிருந்து அம்மா நன்றாகத் தெரிந்தாள், டியூப்லைட் வெளிச்சத்தில், துண்டை மாரோடு அணைத்துக்கொண்டு. அவளுக்கு நான் தெரியவில்லை. நீங்கள் அங்கே வந்து நின்றிருந்தாலும் தெரிந்திருக்க மாட்டீர்கள்.

உள்ளே வந்ததும், சொல்லிட்டியா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அழுதாளா என்றாள். இல்லை என்றேன்.

“அப்ப வெளங்கியிருக்காது. நாளைக்கும் வருவா. நாளைக்கு இன்னொருக்காச் சொல்லு.”

மறுநாளும் அவள் வந்தாள். அதற்கு மறுநாளும். லைட்டை அணைத்தால் அந்தப் பொம்பளை போய்விடுவாள். அணைத்துப் பார்த்தேன், அம்மா இருட்டுக்குப் பயந்து கத்தினாள். திரை போட்டேன். அதை விலக்கிவிட்டு, வந்து நிற்கிறவளை மறைக்கலாமா என்று என்னைத்தான் வைதாள். கண்ணாடியைக் கழற்றிவிடலாம், அரைமணி நேர வேலை. கழற்றினால் மழைக்குக் கட்டில் நனையும், அம்மா மறுபடி உங்களுக்காக நிற்பாள். நீங்கள் வரப்போகிறீர்களா? பழைய ஜன்னலைத் திரும்ப வைக்கவும் வழியில்லை. மரம் அடுப்புக்குப் போயிற்று, கம்பி பழைய இரும்புக்காரரிடம் போயிற்று.

உங்களிடம் சொல்லத் தயங்குகிற செய்தி ஒன்று மிச்சம் இருக்கிறது. அம்மா இப்போது உங்களைக் கேட்பதில்லை. கொடியிலிருந்து துண்டை எடுக்கிறாள், எதற்கு எடுத்தோம் என்பது போய்விட்டது. அவள் கவலையெல்லாம் அந்தப் பொம்பளையைப் பற்றித்தான். சாப்பிட்டாளா, பிள்ளைகள் பார்க்குதுகளா என்று விசாரிக்கிறாள். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய்தான். பழகிவிட்டது.

இது குணமாகாது. அந்தப் பொம்பளை முகமும் ஒருநாள் அம்மாவுக்கு மறந்துபோகும், அதற்கப்புறம் ஜன்னல் வெறும் ஜன்னலாக இருக்கும். அதுவரை ஒன்றே ஒன்றுக்கு வாக்குக் கொடுக்கிறேன் அய்யா. சாயங்காலம் எந்த வேலை கிடந்தாலும் பைக்கை எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். அம்மா அனுப்புகிறபோதெல்லாம் எழுந்து போய் உங்கள் தொட்டியோரம் கொஞ்ச நேரம் நிற்பேன். திரும்பி வந்து, சொல்லிவிட்டேன் என்பேன். உங்கள் சாவை மட்டும் அவளிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

உங்களுக்குக் கொள்ளி வைத்த கையால் ஜன்னலையும் மாற்றிய,
உங்கள் மகன்