போன் படத்துக்கு மெர்லின் சொன்ன பெயர்

அன்பின் அத்தானுக்கு,

மாதாவின் காவலில் நீங்களும் மெர்லினும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குவைத்தில் நானும் சுகம். அங்கே காற்றுப் பலமாம், பார்த்துத் தொழிலுக்குப் போங்கோ.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் எப்படிப் பேசப் பழகுகிறார்கள் என்று இணையத்தில் தகவல் சேர்க்கிறார்களே, அந்த ஆய்வில் வெள்ளிக்கிழமை மெர்லினின் முறை. நீங்கள் கடலில். சுவேதினி மச்சாள் பிள்ளையை மடியில் வைத்திருந்தா. நானும் இங்கிருந்து வீடியோவில் சேர்ந்தேன். பெற்றோர் வாய் திறக்கக் கூடாது என்று ஆய்வை நடத்துகிற யதுர்சிகா மிஸ் சொன்னதால், கமராவையும் மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் படங்கள் வந்தன. மீனுக்கு "மீ" என்றாள். வள்ளத்துக்குக் கை தட்டினாள். பிறகு ஒரு போன் படம் வந்தது.

"அம்மா!"

"இல்லைச் செல்லம், வடிவாப் பாருங்கோ. இது என்ன?" என்று மிஸ் கேட்டா.

"அம்மா!" என்று திரைக்கு முத்தமும் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. போனில் சொல்லப் பயம், அவள் பக்கத்திலேயே நிற்பாள். அதுதான் ஊருக்கு வருகிற ஆளிடம் எழுதிக் கொடுக்கிறேன். அத்தான், நான் வந்து வாசலில் நிற்க, அவள் என்னைத் தாண்டிப் போனைத் தேடி ஓடினால்?

வேலை வீட்டு மடம் கூப்பிடுகிறா, நிறுத்துகிறேன். நான் குவைத்துக்கு வெளிக்கிட்ட அன்று கழற்றிய நீலச் சட்டை அலுமாரியில் கிடந்தால், தோய்க்காமல் அவளின் தலையணைக்குப் போடுங்கோ. போனில் என் மணம் வராதே.

உங்கள்
அன்ரோனெற்